தாவல் யாருக்குச் சொந்தம்?

கே: அன்றைக்கே யாரும் சீந்தாத ஒரு வீடியோ கேமை, முப்பது வருஷம் கழித்துத் தூசி தட்டி விற்கிறார்களாமே? விலை போகாத சரக்கு இப்போது மட்டும் எப்படிப் போகும்?

ப: நீங்கள் சொல்வது கிளாக்வொர்க் அக்வாரியோவாகத்தான் இருக்க வேண்டும். ஜப்பானின் வெஸ்டோன் நிறுவனம் செகாவின் சிஸ்டம் 18 என்ற ஆர்கேட் போர்டுக்காக, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் மிஷினுக்காக, 1992-ல் ஆரம்பித்து 1994-ல் கைகழுவிய ஆட்டம். ஓட வேண்டும், தாவ வேண்டும், எதிரியை அடித்து மயக்கி, அவனையே தூக்கி அடுத்தவன் மேல் எறிய வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்ட்ரிக்ட்லி லிமிடெட் கேம்ஸ் இதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்து, 2021 கடைசியில் பிளேஸ்டேஷன் 4-க்கும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வெளியிட்டது. சீந்தவில்லை என்கிறீர்கள், அந்தத் தீர்ப்பை எழுதியது யார் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆர்கேட் ஆட்டத்தை வெளியிடுவதற்கு முன் ஏதாவது ஒரு நிஜக் கடையில் சில நாள் வைப்பார்கள். ராத்திரி காசுப்பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். பெட்டி லேசாக இருந்தால் ஆட்டம் காலி. அக்வாரியோ அந்தச் சோதனையில்தான் விழுந்தது. ஆனால் 1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து கடைகளின் கணக்கையே மாற்றியிருந்தது. சண்டை ஆட்டத்தில் இரண்டு பேர் காசு போடுவார்கள், சில நிமிஷத்தில் ஒருவர் தோற்று எழுந்து போவார், பின்னால் நிற்பவர் அடுத்த 100 யென்னோடு உட்காருவார். தாவுகிற ஆட்டத்தில் கைதேர்ந்த பையன் ஒருவன் உட்கார்ந்தால் ஒரே காசில் அரை மணி நேரம் எழுந்திருக்க மாட்டான். பக்கத்து மிஷினில் கல்லா நிரம்பும்போது இவனைக் கடைக்காரர் எந்த முகத்தோடு பார்ப்பார்? ஆக, காசுப்பெட்டி அளந்தது ஒரு நாற்காலியின் மணிநேர வாடகையை. ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி அதற்குத் தெரியாது. இன்று வீட்டில் ஆடுகிறவருக்குப் பின்னால் யாரும் காசோடு நிற்பதில்லை. பழைய தீர்ப்பை மறுபடி விசாரிக்க அந்த ஒரு காரணம் போதும்.

கே: அதை உருவாக்கியவர் நமக்குத் தெரிந்தவரா?

ப: பெயர் தெரியாது, கை தெரியும். தொண்ணூறுகளில் நம் ஊர் டிவி கேம் கேட்ரிட்ஜில், தொப்பி போட்ட குண்டு ஆள் இலை உடுத்திக்கொண்டு, பழம் பொறுக்கித் தின்றபடி கோடாலி எறிந்து ஓடுவாரே, அட்வென்ச்சர் ஐலண்ட்? அதன் மூலம் 1986-ல் வந்த வொண்டர் பாய் என்ற ஆர்கேட் ஆட்டம். அதை உருவாக்கிய ரியூச்சி நிஷிஸாவாதான் அக்வாரியோவையும் உருவாக்கியவர். வொண்டர் பாய் என்ற பெயரும் நாயகனும் செகாவிடம் இருந்ததால், ஹட்சன் நிறுவனம் ஆட்டத்தை மட்டும் வாங்கி, உள்ளே வேறு ஆளை ஓடவிட்டது. ஆள் மாறினார், பெயர் மாறியது, ஓட்டமும் தாவலும் மாறவில்லை. நாம் விரும்பி ஆடியது எதை என்று யோசித்துப் பாருங்கள். தொப்பிக்காரரையா?

கே: ஒரு வீடியோ கேமைத் தேடுவதை உ.வே.சா. ஏட்டுச்சுவடி தேடியதோடு ஒப்பிட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். கொஞ்சம் ஓவராக இல்லை?

ப: ஓவர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் சுவடியின் பாடு தேவலை. ஓலையைக் கரையான் அரித்தாலும், அரிக்கட்டும் என்று யாரும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. ஆர்கேட் போர்டில் அந்த ஏற்பாடும் உண்டு. சிஸ்டம் 18-ல் ஓடிய ஷேடோ டான்சர், மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக்கர் போன்றவற்றின் பல போர்டுகளில் எஃப்.டி.1094 என்றொரு புராசஸர் இருக்கும். ஆட்டத்தின் நிரல் சிப்பில் பூட்டிய வடிவில் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் சாவி புராசஸருக்குள், ஒரு சின்ன பேட்டரியின் தயவில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்தால் சாவி போயிற்று. பிறகு அந்தப் போர்டு அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தான். சேகரிப்பாளர்கள் இதற்குத் தற்கொலை பேட்டரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருடன் காப்பியடிக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு, காசு கொடுத்து வாங்கியவரின் மூலப் பிரதியைக் கொன்றது. கடைசியில் உயிரோடு இருப்பவை, ஆர்வலர்கள் பூட்டை உடைத்து எடுத்த காப்பிகள். அக்வாரியோவின் கதை வேறு. அது விற்பனைக்கே வராததால் உடைத்தெடுக்கவும் போர்டு இல்லை. நிறுவனத்துக்குள்ளே எழுதி வைத்த மூல நிரல்தான் ஒரே வழி. அது கிடைத்தது, ஆனால் முழுசாக இல்லை. ஒலிப் பகுதி உட்படச் சில துண்டுகளைக் காணவில்லை. வெஸ்டோன் நிறுவனமோ 2014-லேயே திவாலாகிவிட்டது. அதனால்தான் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்டுக் கேட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது.

கே: சரி, எடுத்தாயிற்று. இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. அவர்களுக்கேற்ப மாற்றித்தானே கொடுக்க வேண்டும்? எது வரைக்கும் மாற்றலாம்?

ப: இந்தப் பகுதிக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி. பதில் அந்தப் போர்டிலேயே இருக்கிறது. ஒரு ஓரத்தில், நகத்தால் நெம்புகிற அளவுக்குக் குட்டி ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கும். டிப் ஸ்விட்ச் என்பார்கள். ஒரு காசுக்கு எத்தனை ஆட்டம், எத்தனை லைஃப், ஆட்டம் சுலபமா கஷ்டமா, யாரும் ஆடாதபோது மிஷின் சத்தம் போட வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் கடைக்காரர் ஒரு ஊசியோ ஸ்க்ரூ டிரைவரோ கொண்டு தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்தை எழுதியவரே, இவை என் வேலை இல்லை, உங்கள் ஊர் வழக்கம் போல வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே எடுத்து வைத்திருக்கிறார். எகிறினால் எத்தனை உயரம், எகிறிய பிறகு காற்றில் திசை திருப்ப முடியுமா, எதிரி எந்த இடத்தில் எப்போது வருவான் என்பவற்றுக்கு ஸ்விட்ச் இல்லை. அவை சிப்பில் எழுதப்பட்டவை. என் கட்சி இவ்வளவுதான்: கடைக்காரருக்கு இருந்த உரிமை எல்லாவற்றையும் ஆடுகிறவருக்குக் கொடுங்கள், சிப்பில் இருப்பதைத் தொடாதீர்கள். பத்து லைஃப் வேண்டுமா, கொடுங்கள். முடிவே இல்லாமல் தொடர வேண்டுமா, அதையும் கொடுங்கள். அப்பா சட்டைப்பை கனமாக இருந்த பிள்ளைக்கு அன்றைக்கே அது கிடைத்தது. புதிய அக்வாரியோவும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறது. எத்தனை முறை தொடரலாம் என்பது நீங்கள் தேர்ந்தெடுக்கும் கடின அளவைப் பொறுத்தது. ஆனால் பள்ளம் அகலமாக இருக்கிறது, பிள்ளை விழுகிறது என்று தாவலை நாலு பிக்சல் கூட்டினீர்களானால், அந்தத் தாவலை நம்பி வைத்த ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு எதிரியும் இடம் தவறிவிடும். அதற்குப் பிறகு ஆடுவது பழைய பெயர் ஒட்டிய வேறு ஆட்டம்.

கே: அப்படியென்றால் படத்தை அழகாக மாற்றுவதும் தப்பா? பழைய கட்டம் கட்டமான பொம்மையைப் பார்த்தால் கண் வலிக்கிறது.

ப: தப்பில்லை, திரும்பிப் போக வழி வைத்திருந்தால். அதற்கு நல்ல உதாரணம் 2017-ல் பாரிஸின் லிசார்ட்க்யூப் செய்த வொண்டர் பாய்: தி டிராகன்ஸ் டிராப். இதன் மூலமும் நிஷிஸாவாவின் ஆட்டம்தான், 1989-ல் செகா மாஸ்டர் சிஸ்டத்துக்கு வந்தது. ஓமர் கோர்னு பழைய ஆட்டத்தின் சிப்பைப் பிரித்துப் படித்து, அது உள்ளுக்குள் எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நடையின் மேல் புதிய ஆட்டத்தைக் கட்டினார். பென் ஃபிக்கே கையால் வரைந்த படங்கள் மேலே வந்தன. விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் புதுப் படம் மறைந்து 1989-ன் பிக்சல்கள் வந்துவிடும். நாயகன் எந்த இடத்தில் காலை வைத்திருந்தானோ அங்கேயே நிற்பான். இசையையும் தனியாக இப்படி மாற்றலாம். பழைய கேட்ரிட்ஜில் யாரோ நோட்டில் எழுதி வைத்த பாஸ்வேர்டைப் புதியதில் போட்டால் அதுவும் வேலை செய்கிறது. நாயகனுக்குப் பதிலாக ஒரு பெண்ணாகவும் ஆடலாம் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பள்ளங்களின் அளவு அதனால் மாறவில்லை. உடை மாற்றினார்கள், நடையைத் தொடவில்லை. பழைய படமும் அதன் ஓவியரின் சொந்தம்தானே என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள், அதில் நியாயம் இருக்கிறது. அந்த ஓவியர் வரைந்தது பழைய பெட்டி டிவிக்காக. 1991-ன் சோனிக் ஆட்டத்தில் அருவி வெறும் நெடுக்குக் கோடுகள்தான். அந்தக் கால டிவியும் ஒயரும் கோடுகளைக் கலைத்துக் குழைத்ததால், தண்ணீருக்குப் பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி இருந்தது. இன்றைய திரையில் அதே படம் சீப்பு மாதிரி நிற்கும். கண் வலிக்கிறது என்றீர்களே, உங்கள் கண் சொல்வது சரி. நீங்கள் பார்க்கும் பிக்சல் பொம்மையை அந்த ஓவியரும் பார்த்ததில்லை. பழைய டிவி போலக் காட்டும் ஃபில்டரைப் போட்டுக்கொள்வது போலி அலங்காரம் ஆகாது. அதுதான் மூலத்துக்குக் கிட்டத்தில் இருக்கும்.

கே: ரீவைண்ட் பட்டன் வைக்கிறார்களே, செத்தவுடன் பின்னால் போய் மறுபடி தாவலாம் என்று. உங்கள் டிப் ஸ்விட்சில் அது எங்கே இருந்தது?

ப: இல்லை. எந்தக் கடைக்காரரும் எமனிடம் பேசிப் பார்த்ததில்லை. என் விதிப்படி ரீவைண்ட் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆனால் மணிக்கட்டு வலிக்காரர், ஒரு கை மட்டும் பயன்படுகிறவர், ஆட்டத்தின் கடைசி ஸ்டேஜை ஆராய வேண்டியவர் இவர்களையெல்லாம் வெளியே நிறுத்த எனக்கு மனமில்லை. எனவே இருக்கட்டும், மெனுவில் உள்ளே தள்ளி, தானாக ஆன் ஆகாமல். விதி கொஞ்சம் வளைகிறது என்கிறீர்களா? வளைகிறது.

கே: அக்வாரியோவில் ஐந்தே ஸ்டேஜ், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இதற்கு இத்தனை விலையா?

ப: விலை அதிகம் என்றால் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். நீளம் குறைவு என்று சண்டை போடாதீர்கள். நின்றுகொண்டு ஆடுகிறவர்களுக்காக எழுதிய ஆட்டம் அப்படித்தான் இருக்கும்; ஐம்பது மணி நேரத்துக்கு இழுத்தால் சிப்பைத் தொட்ட பாவம் வரும். எனக்கு உறுத்துவது இன்னொன்று. தொலைந்ததை மீட்டோம் என்று சொல்லிவிட்டு, எண்ணி இத்தனை பெட்டிதான் என்று அழகான அட்டையில் விற்பது. மிச்சப் பேருக்கு டவுன்லோடு உண்டு, சரி. ஆனால் 2023 மார்ச்சில் நின்டெண்டோ தன் வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் ஆன்லைன் கடையை மூடியபோது, டவுன்லோடில் மட்டும் கிடைத்த ஆட்டங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோம். அதே வருஷம் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் அப்போது கடையில் கிடைக்கவில்லை. மீட்ட ஆட்டமும் அந்தக் கணக்கில் போய்ச் சேரலாம்.

கே: எமுலேட்டரில் இலவசமாகவே ஆடலாமே? எதற்கு இந்த அலட்டல்?

ப: பழைய போர்டு போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா 1997-ல் தொடங்கிய மாமே என்ற எமுலேட்டர், செத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான போர்டுகளின் நடையை எழுதி வைத்தது. சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. கடையில் கிடைக்காத பழைய ஆட்டங்களை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் முடியாது என்றது. யாரும் விற்காத பொருளால் யாருக்கு நஷ்டம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் மூல நிரலைத் தேடி, உரிமை யாரிடம் என்று அலைந்து, காணாமல் போன ஒலியைத் திரும்பக் கட்டுகிற வேலையை எமுலேட்டர் செய்யாது. அக்வாரியோவை மாமே மட்டும் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த வேலைக்குக் கூலி உண்டு, அதைக் கொடுக்கலாம்.

கே: அக்வாரியோவை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். பேரன் ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு, பட்டனை அழுத்தினால் ஆள் லேட்டாகத் தாவுகிறான், போர் என்கிறான். பொய் சொல்கிறானா?

ப: உண்மையைத்தான் சொல்கிறான், இதற்கு முன் எழுதிய எல்லாரையும்விடக் கூர்மையாக. இந்த ஆட்டங்கள் விநாடிக்குக் கிட்டத்தட்ட 60 படம் காட்டுகின்றன. ஒரு படத்துக்குச் சுமார் 16.7 மில்லி விநாடி. பழைய போர்டும் பெட்டி டிவியும் இடையில் எதையும் தேக்காமல் கோடு கோடாகக் காட்டிவிடும். இன்றைய டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, கூர்மையாக்கி, நிறம் ஏற்றி, பிறகுதான் விடும். மூன்று படம் தாமதித்தாலே 50 மில்லி விநாடி போய்விடும். விளிம்பில் நின்று தாவுகிறவனுக்கு அது பள்ளத்தில் விழப் போதும். சிப்பில் ஒரு பிக்சலையும் தொடாமலே உங்கள் டிவி அவன் தாவலை மாற்றிக்கொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் கேம் மோட் என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஆட்டத்தின் கடின அளவைச் சுலபத்துக்கு மாற்றி, இரண்டாவது கன்ட்ரோலரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இது இருவர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். அதற்குப் பிறகும் போர் என்றால் விட்டுவிடுங்கள், அவனுக்குப் பிடிக்கவில்லை.