அரம் போட்டா உக்காந்துக்குமுங்க

தோட்டத்து மோட்டாரில் புல்லியை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்கிற ‘கீ’ என்ற விரல் நீள இரும்புத் துண்டு ஒருநாள் தேய்ந்துபோனது. கடையில் புதுசு வாங்கினேன். பழசுக்கும் புதுசுக்கும் ஒரே நம்பர், ஒரே அளவு, ஒரே விலை (சரி, விலை மட்டும் கொஞ்சம் கூட). ஆனால் உள்ளே போக மாட்டேன் என்று அடம். இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன்.

மாஸ்டர் கீயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தார். “இதுக்குப்போய் ஏனுங்க வெசனப்படறீங்க? ரெண்டு இழுப்பு அரம் போட்டா உக்காந்துக்குமுங்க” என்றார். உட்கார்ந்தது. முப்பது ரூபாய்.

இந்த ‘ரெண்டு இழுப்பு அரம்’ ரகசியத்தை மறைத்துத்தான் ஒரு மனிதர் அமெரிக்க அரசாங்கத்தின் கண்ணில் மண்ணைத் தூவி, பாடப்புத்தகத்தில் படத்தோடு இடம்பிடித்தார். பெயர் எலி விட்னி.

அவரைப் பற்றிப் பேசுமுன் அந்தக் காலத்துத் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம். அதன் பக்கவாட்டில் ‘லாக்’ என்று ஒரு பூட்டு. அதற்குள் ஸ்பிரிங், பல் வெட்டிய துண்டு, குட்டித் திருகுகள், நெருப்புக்கல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் கொக்கி. ஒவ்வொன்றையும் ஒரு கொல்லர் அரத்தால் தேய்த்துத் தேய்த்து அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் பொருத்துவார். ஒருவன் துப்பாக்கியின் ஸ்பிரிங் பக்கத்துச் சிப்பாயின் துப்பாக்கியில் ஏறாது. சண்டை நடுவே ஸ்பிரிங் உடைந்தால், பல லட்சம் செலவில் கடல் தாண்டி வந்த ராணுவத்தின் ஒரு வீரன் கையில் மிஞ்சுவது நல்ல கனமான ஒரு தடி.

பிரான்சில் ஹொனொரே பிளாங்க் என்று ஒரு துப்பாக்கிக்காரர். ஐம்பது லாக்குகளின் உறுப்புகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, “இஷ்டப்பட்டதை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்” என்றார். 1785-இல் அதைப் பார்க்கப் போனவர், அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன். கைக்கு வந்ததை எடுத்துத் தானே சிலவற்றை மாட்டினார். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. மனிதர் சொக்கிப்போய் ஊருக்குக் கடிதம் எழுதினார். பாவம், இன்றைக்கு பிளாங்க்கின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? நிஜமாகவே செய்து காட்டியதுதான் அவர் செய்த தப்பு.

இப்போது விட்னி. பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின் எந்திரத்துக்கு 1794-இல் காப்புரிமை வாங்கியவர். திருப்பூர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆள். ஆனால் எந்திரம் அவ்வளவு எளிது. பார்த்தவன் எல்லாம் சொந்தமாகச் செய்துகொண்டான். விட்னி கேஸ் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். சம்பாதித்தது வக்கீல்கள்.

கடன் கழுத்தை நெரித்தது. அந்த நேரத்தில் அமெரிக்காவுக்கு பிரான்சோடு லடாய், துப்பாக்கி வேண்டும். விட்னி 1798-இல் ஒரு டெண்டர் எடுத்தார்: இரண்டே வருஷத்தில் 10,000 துப்பாக்கி, 1,34,000 டாலர். முன் அனுபவம்? அதுவரை ஒரு துப்பாக்கிகூடச் செய்ததில்லை. நம்ம ஊரில் பாலம் கட்டும் டெண்டர்கள் நினைவுக்கு வந்தால் அது உங்கள் பொறுப்பு.

கெடு முடிந்தது. துப்பாக்கி? பூஜ்யம். அட்வான்ஸ் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வாஷிங்டனில் முணுமுணுப்பு எழுந்ததும் 1801 ஜனவரியில் விட்னி நேரில் கிளம்பிப் போனார். எதிரே அதிபர் ஜான் ஆடம்ஸ், அடுத்து அதிபராகப் போகும் ஜெஃபர்சன் (ஆமாம், அதே ஜெஃபர்சன்), பெரிய பெரிய தலைகள். ஒரு ஸ்க்ரூடிரைவரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒரே துப்பாக்கியில் பத்து லாக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக் காட்டினார். சபையே வாயைப் பிளந்தது.

கவனியுங்கள். மாட்டியது முழு லாக்கை. லாக்குக்கு உள்ளே இருக்கிற குட்டிச் சாமான்களை அவர் கழற்றவும் இல்லை, “கழற்றிக் காட்டுய்யா” என்று அந்த மேதைகளில் ஒருவர் கேட்கவும் இல்லை. ஆவாரம்பாளையத்து மாஸ்டர் அங்கே இருந்திருந்தால் முதல் கேள்வியே அதுதான். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் விட்னி துப்பாக்கிகளைத் திறந்து பார்த்தபோது உள் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. சிலவற்றில் எது எதோடு சேர்ந்தது என்று அடையாளம் வேறு வெட்டியிருந்தார்கள், சலவைக்குப் போட்ட வேட்டிக்குக் குறி வைப்பதுபோல. எல்லாம் அரம் போட்டு உட்கார வைத்தவை. கடைசித் துப்பாக்கி வந்து சேர்ந்தது 1809-இல்.

அந்த 1801-இல் இங்கே என்ன நடந்தது? காவிரிக் கரையில் தீரன் சின்னமலை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதிக்கொண்டிருந்தார். சின்னமலையைக் கிண்டல் செய்துவிட்டு நான் அரச்சலூர் பக்கம் பஸ் ஏற முடியாது. செய்யும் எண்ணமும் இல்லை. ஆனால் எதிரே நின்ற சூரப்புலிகளைச் சொல்லலாம் அல்லவா? உலகத்தையே வளைத்துப் போட்ட கம்பெனியின் சிப்பாய், லாக்கில் ஒரு திருகு போனால் பட்டறை வாசலில் போய் நிற்க வேண்டியவன்தான். பட்டறைக்காரர் கொங்குக்காரராக இருந்தால், “செவ்வாக்கெழமை வாங்க” என்றிருப்பார்.

அமெரிக்காவில் விட்னி நடித்ததை நிஜமாக்கியவர் ஜான் ஹால். இவர் கை வைத்தது லாக்கில் மட்டும் அல்ல, துப்பாக்கியின் உடம்பிலும். குழலின் பின்பக்கத்தைத் தனித் துண்டாக்கி, அதற்குள்ளேயே லாக்கின் சாமான்களையும் அடக்கி, மேலே தூக்கி மருந்து போடும்படி செய்தார். 1811-இல் காப்புரிமை கேட்டுப் போனால், ஆபீஸ் தலைவர் வில்லியம் தார்ன்டன், “அட, இதை நான் முன்னாலேயே கண்டுபிடிச்சிட்டேனே!” என்றார். வேறு வழியில்லாமல் ஹால் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார். மனு கொடுக்கப் போனவனிடம் தாசில்தார் பாதி நிலத்தில் பங்கு கேட்டால் எப்படி இருக்கும்?

ஹால் பிடிவாதக்காரர். ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசுத் துப்பாக்கிச் சாலையில் உட்கார்ந்து, ஒரே துப்பாக்கிக்கு அளவு சரிபார்க்கும் 63 கேஜ்கள் செய்தார். ஒவ்வொரு துண்டும் கேஜில் சரியாக நின்றால் உள்ளே, இல்லையென்றால் குப்பைக்கு. ‘பார்த்துக்கலாம்’, ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்ற இரண்டு மகா மந்திரங்களுக்கும் அங்கே இடமில்லை. 1826 கடைசியில் அரசாங்கக் குழு வந்து துப்பாக்கிகளைக் கழற்றி, கலைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தது. எல்லாம் உட்கார்ந்தன. ஒரு குறைதான்: சுடும்போது இடுக்கு வழியாகப் புகை கசியும். உறுப்பு மாற்ற வசதி, முகத்துக்கு ஆவி இலவசம்.

இதைவிடக் கூத்து, மெக்சிகோ போரில் சில சிப்பாய்கள் அந்தப் பின்துண்டைக் கழற்றி, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினார்களாம், சின்னக் கைத்துப்பாக்கியாக. சுலபமாகக் கழற்ற முடிகிற எதையும் மனிதன் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவான் என்று எந்த கேஜும் ஹாலுக்குச் சொல்லவில்லை.

அங்கே கழற்றினால் சிப்பாய். இங்கே கழற்றினால் ஜி.டி. நாயுடு. சூலூர் பக்கம் கலங்கலில் 1893-இல் பிறந்தவர். லங்காஷயர் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் பைக்கைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராகி, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த ரட்ஜ் வண்டியை அவரிடமே வாங்கினார். வாங்கி ஊர்வலம் போனாரா? முழுசாகப் பிரித்துப் போட்டார். பிறகு மாட்டினார். மாட்டி முடித்தபோது எத்தனை நட்டு மிச்சம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மேதைகளின் வரலாற்றில் அந்த வரி எப்போதும் விட்டுப்போகும்.

விட்னியின் பருத்தி, 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் மில்லாக இங்கே வந்து முளைத்தது. மில் வந்தால் எந்திரம் வரும். எந்திரம் வந்தால் உடையும். கப்பலில் உதிரி வரும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க கொங்கு மண்ணில் யாருக்குப் பொறுமை? பழசைக் கொண்டுவந்து “இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க” என்று கேட்டதில் பட்டறைகள் பெருகின. 1937-இல் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இங்கேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள். 1955-இல் சபாபதி வெட் கிரைண்டர் செய்தார். கேஜ் எல்லாம் அப்புறம் வந்தது. அரம் முன்னாலேயே வந்துவிட்டது.

நடுவில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கிச் சாலைக்கு உதிரி செய்துகொடுத்த கம்பெனி, அந்தப் பெருமையில் ‘ராயல் என்ஃபீல்டு’ என்று பெயர் வைத்துக்கொண்டது. முத்திரையில் பீரங்கி, வாசகம் ‘துப்பாக்கிபோலச் செய்தது’, பைக்கின் பெயர் புல்லட். 1955-இலிருந்து அது சென்னையில் தயாராக, பொள்ளாச்சி பண்ணையார் முதல் கோபி ஏட்டையா வரை ஏறி உட்கார்ந்தார்கள். துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு நடந்தவர்கள்கூட, சத்தம் போதும் என்று இதோடு திருப்தியடைந்தார்கள்.

இந்த விட்னி கதையைப் போன மாதம் இன்னொரு கீயோடு போனபோது நம்ம மாஸ்டரிடம் சொன்னேன். வேலையை நிறுத்தாமல் கேட்டார். லாக்கைத் திறக்காமல் காட்டிய இடம் வந்ததும் சிரித்தார். அரம் போட்ட இடத்தில் லேத்தையே அணைத்துவிட்டார்.

“அப்ப அவரும் நம்மாளுதானுங்க. ரேட்டுத்தான் சாஸ்தியா வாங்கிப்போட்டாரு” என்றார்.

பிறகு என் இரண்டாவது கீயை நீட்டினார். இந்தத் தடவை ஐம்பது ரூபாய்.