70 வளைவு இறங்காமல் ஒரு எம்.பி.ஏ.

இந்த முறை கொல்லிமலை வாசகர்களின் கேள்விகள் மட்டும். எல்லாமே ஆன்லைன் மேற்படிப்பு பற்றியவை.

செம்மேடு, பட்டதாரி இளைஞர்: பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு மிளகும் காபியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆன்லைனில் எம்.பி.ஏ. படித்தால் அதற்கு மதிப்பு உண்டா?

உண்டு தம்பி. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தொலைநிலைக் கல்விக்கும் ஆன்லைன் கல்விக்கும் சேர்த்து 2020-இல் விதிமுறைகள் வகுத்தது. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் வகுப்புக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம் என்று 2022 செப்டம்பரில் மறுபடியும் தெளிவாகச் சொன்னது. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் பட்டியல் வெளியிடுகிறது. அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் படிப்பும், சேரும் கல்வியாண்டும் இருக்க வேண்டும். பெயர்பெற்ற பல்கலைக்கழகத்திலும் அங்கீகாரம் புதுப்பிக்கப்படாத படிப்பு இருக்கலாம். பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை. அதைச் செய்யாமல் இரண்டு வருஷத்தை அடகு வைக்காதீர்கள்.

வாழவந்தி நாடு, இல்லத்தரசி: "ஆறே மாதத்தில் எம்.பி.ஏ., பரீட்சைகூட எழுத வேண்டாம்" என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். நம்பலாமா?

பரீட்சை வேண்டாம் என்று சொன்ன நொடியிலேயே போனை வைத்திருக்கலாம் அம்மா. எம்.பி.ஏ. இரண்டு வருடப் படிப்பு. ஆறு மாதத்தில் கொடுக்கிறேன் என்பவர் தருவது படிப்பல்ல, அச்சடித்த தாள். இன்னொன்றும் உண்டு. பல்கலைக்கழகங்கள் தனியார் கல்விக் கம்பெனிகளோடு கிளை ஒப்பந்தம் போட்டுப் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்று 2022 ஜனவரியில் யுஜிசி எச்சரித்திருக்கிறது. ஆகவே பணம் கட்டுவதானால் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள். இப்போது ஆன்லைன் படிப்பில் சேர டெப்-ஐடி என்ற எண் வேண்டும். அதை உங்கள் கையாலேயே உருவாக்குங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். மலையில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்க நினைக்கும் வீடுகளைக் குறிவைத்து இந்த வியாபாரம் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அரியூர் நாடு, ஒரு மாணவர்: எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டுக்கு ஏறணும். ஆன்லைன் படிப்பு எங்களுக்குச் சரிப்படுமா?

படிப்புக்குச் சரிப்படும், பரீட்சைக்குத்தான் யோசிக்க வேண்டும். ஆன்லைன் பட்டம் என்றால் முழுக்க நேரலை வகுப்பு என்று அர்த்தமில்லை. பதிவு செய்த வீடியோ, வாசிக்கப் பாடம், கேள்வி கேட்டு விவாதிக்க ஓர் இடம், பயிற்சித் தேர்வு என நான்கும் இருக்க வேண்டும் என்பது விதி. வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று சேருமுன் கேளுங்கள். குறைந்த தரத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 300 எம்பி பிடிக்கும். மேட்டுக்குப் போகிற நேரத்தில் வாரப் பாடத்தை இறக்கிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம்.

பரீட்சை அப்படியல்ல. கண்காணிப்போடுதான் நடக்கும். சில பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதச் சொல்லும். சில, தேர்வு மையத்துக்கு வரச் சொல்லும். பாதியில் லைன் போனால் என்ன ஆகும், கரண்ட் போனால் மறுவாய்ப்பு உண்டா, மையம் நாமக்கல்லிலா சேலத்திலா என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டிலிருந்து எழுதலாம் என்பது நகரத்துக்காரருக்குச் சலுகை. உங்களுக்குத் தேர்வு மையமே பத்திரம். அந்த ஒரு நாளைக்காக 70 கொண்டை ஊசி வளைவும் இறங்குங்கள், தப்பில்லை.

வளப்பூர் நாடு, மகளிர் குழு உறுப்பினர்: என் தங்கை "வணிகமும் தொழில்நுட்ப மேலாண்மையும்" என்று ஒரு படிப்பைச் சொல்கிறாள். அது கம்ப்யூட்டர் படிப்புதானே? மலையில் இருப்பவளுக்கு எதற்கு?

கம்ப்யூட்டர் அதில் ஒரு மூலைதான். மீதி முழுக்க உங்கள் மலையிலேயே நடந்திருக்கிறது.

சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி. அதன்மேல் கெட்டியாக ஒட்டிய உமி. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். அந்தப் பாடு முழுதும் பெண்களுடையது. பக்கத்திலேயே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. பிடுங்கி லாரியில் ஏற்றினால் கீழே சேகோ ஆலை எடுத்துக்கொள்ளும், காசு கைக்கு வரும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பலவும் கிழங்குக் காடுகளாக மாறின. விலையும் சந்தையும் காரணம்தான். ஆனால் உலக்கை பிடித்த கைகளின் அலுப்பும் அதே அளவுக்குக் காரணம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலேயே கொல்லிமலைக்கு வந்து சிறுதானியங்களோடு வேலை செய்யத் தொடங்கியது. விதை வங்கி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உமி நீக்கும் இயந்திரமும் மாவு அரைக்கும் இயந்திரமும் ஊர்களுக்கு வந்தன. சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. மாவும் ரவையும் பொட்டலமாகி மலையிறங்கின. நல்ல விதையைக் கொடுத்தால் மட்டும் போதாது, குத்துகிற வேலையையும் குறைக்க வேண்டும் என்று கண்டுகொண்டதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இயந்திரம் வந்ததும் கேள்விகள் தொடங்கும். எந்த ஊரில் வைப்பது? அங்கே மும்முனை மின்சாரம் உண்டா? பெல்ட் அறுந்தால் மலையேறி வந்து மாற்ற யார் இருக்கிறார்? கிலோவுக்கு எவ்வளவு கூலி வாங்கினால் கரண்ட் பில்லும் ஆபரேட்டர் சம்பளமும் போக மிஞ்சும்? நொய் அதிகம் விழுந்தால் நஷ்டம் யாருக்கு? அறுவடைக்குப் பின் சில மாதம் ஓடிவிட்டு, மீதி மாதம் சும்மா நிற்கும் இயந்திரத்தில் வேறு என்ன அரைக்கலாம்? இவற்றுக்குக் கணக்குப் போட்டு விடை காண்பதுதான் தொழில்நுட்ப மேலாண்மை. பெரிய கம்பெனி ஒரு புது மென்பொருள் வாங்கும்போதும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது.

அந்தப் படிப்பின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று, வயற்காட்டில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயிகள் வீரிய மக்காச்சோள விதைக்கு எப்படி மாறினார்கள் என்று ஆராய்ந்து 1943-இல் பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் எழுதினார்கள். விதையைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகும் பலர் வருஷக்கணக்கில் பொறுத்திருந்தார்கள். விற்பனையாள் வந்து சொன்னது காதில் விழுந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னதுதான் மனதில் ஏறியது. எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் எழுதிய, புதுமை எப்படிப் பரவுகிறது என்ற நூலுக்கு அந்த ஆய்வும் ஓர் அடித்தளம். மேலாண்மை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். உங்கள் தங்கை அதைப் படிக்கும்போது, ஊரில் முதலில் மெஷினுக்குச் சாமை கொண்டுவந்த பெண் யார், கடைசியில் வந்தவர் யார் என்று பெயரோடு சொல்ல முடியும். நகரத்தில் இருக்கும் மாணவருக்கு அந்த வசதி கிடையாது. சேரச் சொல்லுங்கள்.

சோளக்காடு, கடைக்காரர்: எங்கே சேருவது? ஏன் எல்லா இடத்திலும் ஆன்லைன் பட்டம் இல்லை?

ஆன்லைன் பட்டம் நடத்தத் தகுதி வேண்டும்: நாக் எனும் தர மதிப்பீட்டில் உயர்ந்த புள்ளி, அல்லது தேசிய தரவரிசையில் முன்னணி இடம். 1985-இல் தொடங்கிய இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தொலைநிலை எம்.பி.ஏ.வில் தொழில்நுட்ப மேலாண்மையைத் தனிப் பிரிவாகவே வைத்து நடத்திவந்திருக்கிறது. இந்த வருடச் சேர்க்கை உண்டா என்பதை முதல் பதிலில் சொன்ன பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செம்மேடு, அரசு ஊழியர்: ஏற்கெனவே எம்.ஏ. படிக்கிறேன். கூடவே ஆன்லைன் எம்.பி.ஏ.வும் படிக்கலாமா?

படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்கு 2022-இல் யுஜிசி அனுமதி கொடுத்துவிட்டது. தூக்கத்துக்கு நீங்கள்தான் அனுமதி கொடுக்க வேண்டும்.

தின்னனூர் நாடு, தமிழ்வழி மாணவி: பிளஸ் டூ வரை தமிழ்வழி. எம்.பி.ஏ. பாடம் இங்கிலீஷில் ஓடினால் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டிய அளவுக்கு அதில் இங்கிலீஷ் இல்லை அம்மா. குறிப்பிட்ட சில கலைச்சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முதலில் பணம் கட்டாமல் ஒத்திகை பாருங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் இரண்டிலும் மேலாண்மைப் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம். என்பிடெல் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. ஒரே ஒரு பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேளுங்கள். முடித்துவிட்டால் எம்.பி.ஏ.வையும் முடிப்பீர்கள். பாதியில் நின்றால் கட்டணம் மிச்சம். அடுத்த வருடம் மறுபடி பார்க்கலாம்.

சேலூர் நாடு, ஒரு தாய்: கல்யாணமான மகள் ஆன்லைனில் படிக்கிறாள். "எந்நேரமும் போனையே பார்க்கிறாள்" என்று சம்பந்தி வீட்டில் குறை சொல்கிறார்கள்.

போன் தெரிகிறது, அதற்குள் இருக்கும் வகுப்பு தெரியவில்லை. அதுதான் சிக்கல். மகளை ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு, ஹெட்போன் போடாமல், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்காரச் சொல்லுங்கள். வாத்தியார் குரல் வீட்டுக்குள் கேட்கட்டும். மாமியார் காதிலும் நான்கு பாடம் விழட்டும். நீங்களும் ஒன்று செய்யலாம்: வாரத்தில் ஒரு நாள் பேரப் பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப்பைவிடப் பெரிய உதவி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பது.

காரவள்ளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: கல்லூரிக்குப் போய், நாலு பேரோடு பழகி, நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது போல வருமா?

வராது ஐயா. அதை நான் மறுக்கவில்லை. வசதியும் வாய்ப்பும் உள்ளவர்கள் கல்லூரிக்கே போகட்டும். ஆனால் டெல்லி பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதே, வர முடியாதவர்களுக்காகத்தான். மாட்டைப் பார்க்க வேண்டும், மிளகைக் காயவைக்க வேண்டும், படுக்கையில் இருக்கும் தாத்தாவைக் கவனிக்க வேண்டும் என்று இருப்பவர்களிடம் கல்லூரியின் அருமையைச் சொல்லி என்ன பயன்? உங்களைப் போன்றவர்களால் ஒன்று முடியும். வாரம் ஒருமுறை செம்மேட்டில் ஓர் இடம் பிடித்து, ஆன்லைனில் படிப்பவர்களை ஒன்றாக உட்கார வையுங்கள். ஆளுக்கொரு பல்கலைக்கழகமாக இருந்தாலும் பரவாயில்லை. தனியாகப் படிக்கிறவர் பாதியில் விடுவது பெரும்பாலும் பாடம் கடினமாக இருப்பதால் அல்ல, கேட்க ஆளில்லாததால்.

தெம்பளம், இறுதிப் பருவ எம்.பி.ஏ. மாணவர்: புராஜெக்ட்டுக்குத் தலைப்பு வேண்டும். நண்பர்கள் எல்லோரும் பெங்களூரு ஸ்டார்ட்-அப் பற்றி எழுதுகிறார்கள்.

அவர்கள் எழுதட்டும். நீங்கள் சோளக்காடு சந்தைக்குப் போங்கள். பலாவும் அன்னாசியும் ஒரே சமயத்தில் வந்து குவியும் நாட்களில் காலை விலை என்ன, மதியம் என்ன, சந்தை கலையும்போது என்ன என்று குறியுங்கள். விற்காமல் திரும்பும் பழம் எத்தனை, வண்டி வாடகை எவ்வளவு, அழுகியது எவ்வளவு என்று வியாபாரிகளிடமும் காட்டுக்காரர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. அங்கேதான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது. பிறகு சூரிய உலர்த்தி ஒன்று போட்டால் எத்தனை சீசனில் போட்ட பணம் திரும்பும், அதை யார் நடத்துவது, வெயில் வராத நாளில் என்ன செய்வது என்று எழுதுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் "மாதிரி அளவு சிறியது" என்று சொன்னால், கொல்லிமலையின் இன்னும் இரண்டு நாடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியைத் தமிழில் சுருக்கி, கணக்குக் கொடுத்த காட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள்.