துளையீற்றுப் புணரியல்

நன்னூல் எழுத்ததிகாரத்தில் பவணந்தி முனிவர் வைத்த இயல்கள் ஐந்து: எழுத்தியல், பதவியல், உயிரீற்றுப் புணரியல், மெய்யீற்றுப் புணரியல், உருபு புணரியல். ஆறாவதாகத் துளையீற்றுப் புணரியல் என்று ஒன்றும் இருந்திருக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் சார்ஜர் வழக்கில் இல்லாத ஒரே காரணத்தால் அவர் அதை எழுதாமல் விட்டார் என்பது இந்த ஆய்வின் துணிபு. அந்தக் குறையை இங்கே நிரப்ப முயல்வோம்.

ஆய்வுக் களம் மும்பை. குறிப்பாகத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர். சென்னையை விட்டு மும்பைக்குப் போவானேன் எனின், பிளக்கும் துளையும் சேரும் இந்தப் புணர்ச்சி சென்னையிலும் உண்டு, நெருக்கம்தான் போதாது. தாராவி தொண்ணூறடி ரோட்டுச் சந்துகளில் பத்துக்குப் பத்து அறை, அதில் ஒரு சுவிட்சுப் பலகை. பலகையிலிருந்து இறங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கோயம்புத்தூர் கிரைண்டரும், மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த அயர்ன் பாக்ஸும், சீனத்து ஸ்பீக்கரும், மூன்று கம்பெனி மொபைல் சார்ஜரும் முண்டியடித்து நிற்கின்றன. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துப் பழைய ஃபிளாட்டுகளில் இடம் கொஞ்சம் தாராளம். ஆனால் சுவரிலுள்ள துளைகள் தாத்தா காலத்தவை, செருக வருபவை நியூ ஜெர்ஸிப் பேரன் பெட்டியிலிருந்து வருபவை. செம்பூர் செட்டா நகரில் ஒரே வீட்டில் அப்பா ஆண்ட்ராய்டு, மகள் ஐபோன், பாட்டி இன்னும் பட்டன் போன். இவர்களில் எவரும் மற்றவரோடு ஒத்துப்போவதற்காகச் செய்யப்பட்டவர்கள் அல்லர். போன்களைச் சொல்கிறேன்.

முதற் சூத்திரம்:

நிற்பது துளையாம் வருவது முனையாம்
நின்றதும் வந்ததும் நெருங்கின் ஒளியே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், நிலைமொழி வருமொழிகளின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. நிலைமொழி என்பது சுவரிலுள்ள சாக்கெட். அது நகராது, வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் மாறவும் மாறாது. வருமொழி என்பது பிளக். இரண்டும் எந்த மாற்றமும் இல்லாமல் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டும்.

அலைய வேண்டிவந்த வரலாறு இது. நம் சுவர்த் துளைகளின் மூலபாடம் பிஎஸ் 546 என்ற பிரிட்டிஷ் தரம். மூன்று உருண்டை பின். சின்னது 5 ஆம்பியர், பெரியது 15. பிரிட்டன் 1947இல் பட்டை பின்னுக்கு, அதாவது பிஎஸ் 1363க்கு, மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு நமக்கு வேறு வேலை இருந்ததால் பழைய உருண்டையையே வைத்துக்கொண்டோம். இன்று அதற்கு ஐஎஸ் 1293 என்று பெயர். 5 என்பது 6 ஆயிற்று, 15 என்பது 16 ஆயிற்று. பட்டை பின்னோ சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று குடியேறிவிட்டது. ஆகவே மச்சானின் அயர்ன் பாக்ஸுக்கும் தாராவிச் சுவருக்கும் நடப்பது அந்நியர் சண்டை அல்ல, பங்காளிச் சண்டை.

இனி விகாரம். தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று எனப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். துளையீற்றில் முதலில் வருவது கெடுதல்.

எர்த்தெனும் பெரும்பின் கெடினும் கெடுக
ஓடுதல் ஒன்றே உலகத்து வழக்கே.

மூன்று பின்னில் மேலே இருப்பது எர்த். மற்ற இரண்டையும் விடத் தடிமனாகவும் நீளமாகவும் அதை வைத்ததற்குக் காரணம் உண்டு. அது முதலில் உள்ளே போய்த் தொட வேண்டும், வெளியே வரும்போது கடைசியாக விட வேண்டும். மூடியுள்ள சாக்கெட்டில் மற்ற இரு துளைகளின் மூடியைத் திறந்துவிடுவதும் அதன் வேலை. இவ்வளவு பொறுப்புள்ள உறுப்பை மும்பைத் தமிழர் எப்படி நடத்துகிறார்கள்? இரண்டு பின் சார்ஜர் மூன்று துளை சாக்கெட்டில் நுழைய மறுத்தால் எர்த் துளையில் ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் குத்தி மூடியைத் திறக்கிறார்கள். மூன்று பின் பிளக் இரண்டு துளையில் நுழைய மறுத்தால் எர்த்தையே நறுக்கிவிடுகிறார்கள். எர்த் கெட்டாலும் கிரைண்டர் ஓடும். ஓடுவதால்தான் கெட்டது தெரிவதில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் கிரைண்டர் உடம்பைத் தொட்டால் 'சுர்' என்கிறது. அன்றிலிருந்து மாவு அரைக்கும்போது மட்டும் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வது அந்த வீட்டு மரபாகிறது. செருப்பைப் பவணந்தியார் எந்த விகாரத்தில் சேர்த்திருப்பார் என்பது தனி ஆய்வுக்குரியது.

தோன்றலில் ஒரு வகை, இரண்டு உயிர்கள் சேராத இடத்தில் யகரமோ வகரமோ வந்து நிற்பது. மணி, அடித்தது, நடுவில் ஒரு ய். இதை உடம்படுமெய் என்றார்கள். துளையீற்றில் உடம்படுமெய் ஒன்றுதான்: கன்வெர்ட்டர். எலக்ட்ரிக் கடையில் எந்த மொழியில் கேட்டாலும் கொடுப்பார்கள். உருண்டை, பட்டை, அமெரிக்கத் தட்டை என எது வந்தாலும் ஏற்கும் ஐந்தாறு வாய் அதற்கு. எல்லாவற்றையும் ஏற்பதால் எதையும் இறுகப் பிடிப்பதில்லை என்பது அதன் குணக்கேடு. மும்பையிலிருந்து சென்னை போகும் ரயிலில் இதே நோயை ஸ்லீப்பர் பெட்டியின் சார்ஜிங் துளையில் பார்க்கலாம். சார்ஜரைச் செருகிவிட்டு, மடித்த பேப்பரால் அடைகொடுத்து, ஒரு கையால் தாங்கியபடி குண்டக்கல் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

கன்வெர்ட்டரின் எல்லையை மாட்டுங்கா வீடுகள் நன்கு அறியும். அமெரிக்காவிலிருந்து ஆசையாக வந்த மிக்ஸி 120 வோல்ட்டுக்குச் செய்தது. சுவரில் இருப்பது 230. கன்வெர்ட்டர் வடிவத்தைச் சேர்த்துவைத்தது, வோல்ட்டைச் சேர்க்கவில்லை. முதல் தேங்காய்ச் சட்னியே கடைசிச் சட்னி. லேப்டாப் சார்ஜர் மட்டும் தப்பியது, ஏனென்றால் அதன் முதுகில் 100 முதல் 240 என்று பொடி எழுத்தில் இருந்தது. இதே போல 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் கேட்கும். அதன் தடித்த பின்னைக் கன்வெர்ட்டர் மாட்டி 6 ஆம்பியர் துளையில் விட்டால், பின் சம்மதிக்கும், சுவருக்குள் இருக்கும் ஒயர் சம்மதிக்காது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும்போது மாமி "பக்கத்து வீட்டுல ஏதோ தீயறது" என்பார். அநேகமாகப் பக்கத்து வீட்டில் அல்ல.

திரிதலுக்குச் சிறந்த சான்று சிம் கார்டு. பழைய சிம் 25க்கு 15 மில்லிமீட்டர். 2010இல் ஐபோன் 4 மைக்ரோ சிம் கேட்டது, 2012இல் ஐபோன் 5 நானோ கேட்டது. தங்க நிறச் சில்லு பெரும்பாலும் ஒன்றுதான். சுற்றியிருந்த பிளாஸ்டிக்தான் குறைந்துகொண்டே வந்தது. உடனே தாராவி மொபைல் கடைகளில் ஸ்டேப்ளர் சாயலில் ஒரு கட்டர் தோன்றியது. ஒரு 'டக்', சிம் மெலிந்தது. நானோவைப் பழைய போனில் போட நினைத்தால் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில் பொருத்தி மறுபடி பருக்க வைத்தார்கள். கம்பெனிகள் ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டு முடிவெடுத்த வடிவத்தை ஒரு கடைப் பையன் நின்ற வாக்கில் முன்னும் பின்னும் திரித்தான். இத்துறையில் நான் மெய்யாகவே மதிக்கும் அறிஞர் அவர்தான்.

அடுத்து, வடிவம் இயல்பாகப் புணர்ந்தும் பொருள் புணராமை. இது நன்னூலில் இல்லாத வகை. முதலில் வடிவம் ஒன்றான கதை.

பட்டன் போன் காலத்தில் நோக்கியாவுக்குள்ளேயே தடி பின், ஒல்லி பின் என இரண்டு கட்சி. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா போன் செய்தார்கள்; அப்போதும் விருந்துக்கு வந்தவர் "சின்ன பின்னா, பெரிய பின்னா?" என்று கேட்காமல் சார்ஜர் கடன் வாங்க முடியாது. பிறகு மைக்ரோ யுஎஸ்பி, ஆப்பிளுக்கு மட்டும் 2012 முதல் லைட்னிங். கடைசியில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய போன்கள் எல்லாவற்றுக்கும் டைப்-சி கட்டாயம் என்றது. ஆப்பிள் அதற்கு முன்பே, 2023இல், ஐபோன் 15இல் இறங்கி வந்தது. செம்பூரில் மகளின் ஒயரை அப்பா எடுத்ததும் அப்பாவின் ஒயரை மகள் எடுத்ததும் அப்போதுதான் முதல் முறை.

ஆனால் அதோடு சண்டை தீரவில்லை, துளைக்குள்ளே போய்விட்டது. ஓப்போவின் வூக், வோல்ட்டைக் கீழே வைத்துக்கொண்டு ஆம்பியரைக் கூட்டியது. குவால்காமின் குயிக் சார்ஜ், வோல்ட்டை 9க்கும் 12க்கும் ஏற்றியது. யுஎஸ்பி பிடி என்று மூன்றாவது ஒன்று. ஒருவர் சார்ஜரில் மற்றவர் போனைப் போட்டால், இருவரும் பேசிப் பார்த்து, பொது மொழி இல்லையென்று தெரிந்ததும் பழைய 5 வோல்ட்டுக்கே திரும்பிவிடுவார்கள். "சார்ஜ் ஏறறது, ஆனா ஏறலை" என்பது செம்பூர் வழக்கு. இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்தப் பொறியியல் நூலிலும் இல்லை.

புணர்ச்சியே இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். 2012 அக்டோபர் 31க்குப் பிறகு மும்பையில் செட்டாப் பாக்ஸ் இல்லாமல் கேபிள் கிடையாது என்றானது. தமிழ்ச் சேனல் குறைவாகத் தருகிறார் என்று கேபிள்வாலாவை மாற்றினால் பாக்ஸும் குப்பைக்குப் போகும். ஒவ்வொரு கம்பெனி பூட்டுக்கும் அதனதன் சாவி. எந்த பாக்ஸும் எந்தச் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. பரிந்துரைத்தது.

பாக்ஸ் வந்ததால் ரிமோட் இரண்டாயிற்று. அகச்சிவப்புக் கதிர் இரண்டுக்கும் பொது. சொல்லும் குறியீடு வேறு. பாக்ஸ் ரிமோட்டில் சில பொத்தான்களுக்கு டிவி ரிமோட்டின் பாடத்தைச் சொல்லித்தர வழி உண்டு. இரண்டையும் எதிரெதிரே படுக்க வைத்து மாறி மாறி அழுத்த வேண்டும். நன்றாகப் படித்த ரிமோட் ஆன், ஆஃப், சத்தம் மூன்றையும் கற்கும். இதற்கெல்லாம் அவசியமே இல்லை. எச்டிஎம்ஐ ஒயருக்குள்ளேயே சிஇசி என்ற பொது ஏற்பாடு இருக்கிறது, அதன் வழியாக ஒரு ரிமோட் மற்றக் கருவியையும் ஆளலாம். அதற்கு சாம்சங் இட்ட பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜி இட்ட பெயர் சிம்ப்லிங்க், சோனி இட்ட பெயர் பிராவியா சிங்க். ஒரே கடவுளை ஊர்தோறும் வெவ்வேறு பெயரில் கும்பிடுவது பக்தி, இது வேறு. தன் டிவி பக்கத்துக் கம்பெனி பாக்ஸோடு பேசும் என்பது வாங்கியவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற கவனம்.

கடைசிச் சூத்திரம்:

அன்பால் கூடார் அறிவால் கூடார்
ஆணை வரினே கூடுப என்ப.

மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ். அங்கேதான் யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் தலைமை அலுவலகம். 2016 ஏப்ரல் 11 அன்று, ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, யுபிஐ மும்பையில் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை ஒரு வாலட்டில் இருந்த பணம் இன்னொரு வாலட்டுக்குப் போகாது. வாடிக்கையாளர் ஒரு கம்பெனி, கடைக்காரர் ஒரு கம்பெனி என்றால் இட்லி கைமாறும், பணம் கைமாறாது. யுபிஐ வந்த பிறகும் உடனே தீரவில்லை. 2017 ஜனவரியில் ஃபோன்பே வழியாக வந்த பரிமாற்றங்களை ஐசிஐசிஐ வங்கி தடுத்தது. இரு தரப்பும் விதியை மீறியவர் மற்றவரே என்றன. புணர்ச்சி விதியை இருவரும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள், புணரத்தான் இல்லை. 1994இல் ஜப்பானில் டென்சோ கம்பெனிக்காரர்கள் மோட்டார் உதிரிபாகங்களை அடையாளங்கண்டு தொடர்வதற்காகக் கண்டுபிடித்த க்யூஆர் என்ற கட்டம்போட்ட சதுரம், நம் ஊரில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி வேலியாயிற்று.

2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது: தன் செயலியில் மட்டும் வேலை செய்யும் தனி க்யூஆர் இனிப் புதிதாகக் கூடாது, இருப்பவையும் 2022 மார்ச் 31க்குள் பொதுவுக்கு மாற வேண்டும். மாறின. தொழில்நுட்பம் அதற்கு முன்பும் அதேதான். கூடாமல் இருந்ததற்கு ஒயரோ வோல்ட்டோ காரணமில்லை என்பது அப்போது வெட்ட வெளிச்சமாயிற்று.

ஒரே அட்டை எல்லாருக்கும் போதும் என்ற நிலை வந்ததும் அட்டைகள் குறைந்திருக்க வேண்டும். தாராவி டீக்கடையில் பாருங்கள்: மூன்று அட்டை, இரண்டு சவுண்டு பாக்ஸ். ஏஜென்ட் வந்து ஒட்டியதைக் கிழிக்க மனம் வராது, ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று, கடன் கொடுப்பதாகச் சொல்லும் கம்பெனியைப் பகைக்கக் கூடாது என மூன்று காரணம் சொல்வார்கள். நான்காவது காரணம் கொஞ்சம் தயங்கித்தான் வரும். இடப்பக்க அட்டை அண்ணாச்சி கணக்கு, வலப்பக்க அட்டை அக்கா கணக்கு. எந்தச் செயலியும் எந்த அட்டையோடும் புணரும். இந்த இரண்டு கணக்கும் புணர்வதற்கு மட்டும் மித்தி ஆற்றின் எந்தப் பக்கத்திலும் விதி எழுதப்படவில்லை.

"எதுல போடணும் அண்ணாச்சி?"

"எதுலன்னாலும் போடுங்க, ஒண்ணுதான்." உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கிறது. "ஆனா இப்ப வலப்பக்கம் போடுங்க. பொட்டி சத்தமாச் சொல்லும்லா."