கண்ணும் காதும்

காதால் கேட்க வேண்டிய ஜாஸ் கச்சேரியைப் படம்பிடித்துப் பார்ப்பானேன்?
– ஒரு வாசகர், அடையாறு

அப்படியானால் மார்கழியில் சபாவின் முன்வரிசைக்கு ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? தனி ஆவர்த்தனத்தில் விரலைப் பார்க்கத்தானே! ஜாஸும் மனோதர்மம்தான், அடுத்த சங்கதியை முடிவு செய்வது பாதி கண்ஜாடை. 1976இல் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் 'சக்தி' குழு வாசித்தது படமாகவே இருக்கிறது: ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, நம்மூர் விக்கு விநாயக்ராம் கடம். யார் வாசிக்கிறார் என்பதை இசைத்தட்டே சொல்லிவிடும். அந்த நேரத்தில் மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் படம்தான் சொல்லும். 1957இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லெஸ்டர் யங் சாக்சபோன் வாசிக்க, பாடகி பில்லி ஹாலிடே கேட்டு ரசித்த முகத்தைக் கேமரா பிடித்தது. 1959இல் இருவருமே காலமானார்கள். அந்த முகத்தை எந்த இசைத்தட்டில் தேடுவீர்கள்?

'கிட்டார் உச்சத்தில் இருக்கும்போது கேமரா கூட்டத்தைக் காட்டுகிறதே' என்பீர்கள். நியாயம்தான். வாசிப்பவரின் தேர்வோடு படத்தொகுப்பாளரின் தேர்வும் சேர்ந்துதான் நமக்கு வருகிறது. அதற்கும் வழி உண்டு: படம் பிடித்தால் பாருங்கள், பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், அதுவே ஒலிப்பதிவு. வெறும் ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு எவ்வளவு அகலமாகக் கண்ணைத் திறந்தாலும் கடம் தெரியாது!