எந்த வண்டிக்கு?

மும்பையில் வி.டி. ஸ்டேஷனைப் பார்க்கப் போகிறேன் என்றதும் தாராவி அத்தான் கேட்டார்: “எந்த வண்டிக்கு?” வண்டிக்கு இல்லை, ஸ்டேஷனைப் பார்க்கத்தான் என்றேன். “ஸ்டேஷன்ல பாக்கதுக்கு என்ன மாப்ளே இருக்கு? ஒமக்கு வேற சோலி இல்லையா?”

அத்தானுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்தது தாராவி. 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று பெயர் மாற்றி, 2017-இல் ‘மகாராஜ்’ சேர்த்த பிறகும் அவருக்கு அது வி.டி.தான். 2004-இல் யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். “அவன் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாத்தானான்னு கேளும்” என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஸ்டேஷன் பார்க்கக் கிளம்புகிற வேலையற்றவர்களில் எனக்கு ஒரு முன்னோடி உண்டு. இதைக் கட்டிய ஃப்ரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ், வரைபடம் போடுமுன் ஐரோப்பாவுக்குப் போய் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்த்துவிட்டு வந்தவர். அவருக்கும் ஓர் அத்தான் இருந்திருந்தால் அஸ்திவாரமே போட்டிருக்க முடியாது. 1878-இல் தொடங்கிய வேலை 1888-இல்தான் முடிந்தது. விக்டோரியா ராணியின் பொன்விழா அதுவரை காத்திருக்குமா? 1887-லேயே விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்; அதுதான் வி.டி. பிள்ளை பிறக்குமுன் பெயர்சூட்டு விழா.

வெளியே நின்று பார்க்கக் காசு வேண்டாம், கழுத்து வேண்டும். வாசல் தூண்களில் ஒன்றில் சிங்கம், அது பிரிட்டன். இன்னொன்றில் புலி, அது நாம். குவிமாடத்தின் உச்சியில் ‘முன்னேற்றம்’ என்ற பெண் சிலை, ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் சக்கரம். கீழேயும் எல்லோரும் முன்னேறிக்கொண்டுதான் இருந்தார்கள், பெரும்பாலும் என் கால் மேல். கடிகாரத்துக்குக் கீழே ராணியின் சிலை நின்ற மாடம் மட்டும் சுதந்திரத்துக்குப் பிறகு காலியாகவே இருக்கிறது. தென் மும்பையில், மேற்கூரையோடு, ரயிலடி வாசலிலேயே ஓர் இடம் இத்தனை வருஷமாக ஆளில்லாமல் கிடக்கிறது! தரகர்கள் எப்படி விட்டு வைத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத மர்மம்.

உள்ளே போகப் பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய். இரண்டு மணி நேரம் செல்லும். டிக்கெட் கொடுக்கிற கூடத்துக்கு ‘ஸ்டார் சேம்பர்’ என்று பெயர், விதானத்தில் தங்க நட்சத்திரங்கள் இருப்பதால். அண்ணாந்து பார்த்தபடியே கவுன்ட்டருக்கு வந்துவிட்டேன். “கஹாங் ஜானா ஹை?” என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்த குரல். எங்கேயும் இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வேதாந்தமாகத்தான் ஒலித்தது. பின்னால் நின்றவர் விட்ட பெருமூச்சில் என் சட்டைக் காலர் அசைந்தது.

இந்த இடத்துக்குப் பக்கத்தில், போரி பந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி நாட்டின் முதல் பயணிகள் ரயில் தாணேவுக்குக் கிளம்பியது. மூன்று எஞ்சின், 14 பெட்டி, சுமார் 400 விருந்தினர். பெட்டிக்கு முப்பது பேர்கூட இல்லை. கால் நீட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நான் பார்த்த மாலையில் அந்த 400 பேரும் ஒரே லோக்கல் பெட்டிக்குள் இருந்தார்கள். வண்டி உள்ளே வந்து நிற்பதற்குள் ஜனம் ஏறிவிடுகிறது. இறங்க வேண்டியவர்கள் இறங்குவது அவரவர் சாமர்த்தியம். ஓர் அம்மாள் கையிலிருந்த கீரைக்கட்டைப் பாதி ஆய்ந்தபடியே ஏறி, ஜன்னலோரம் பிடித்து, மீதியை ஆயத் தொடங்கினார். ஸ்டீவன்ஸ் செதுக்க வைத்த எந்தச் சிற்பத்திலும் அந்த நிதானம் இல்லை.

திரும்ப வெளியே வந்து, சுவரில் தோகை விரித்து நிற்கும் கல் மயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் ஒருவன் அசையாமல் மேலே பார்த்தால் சும்மா விடுவார்களா? முதுகுப்பையை மார்பில் மாட்டியிருந்த ஓர் இளைஞர் நின்று, தாமும் அண்ணாந்தார்.

“என்ன பாய், யாராவது மேலே ஏறிட்டாங்களா?”

“இல்லை, மயில்.”

“உசிரோடயா?”

“கல் மயில்.”

ஒரு கணம் மயிலையும், அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் என்னையும் பார்த்தார். “அப்போ அது எங்கேயும் போகாது. கர்ஜத் ஃபாஸ்ட் போயிடும்” என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.