முட்டைக்கு உள்ள மவுசு

இணையப் பக்கம் ஒன்று கூகுள் தேடலில் முன்வரிசை பிடிக்க வேண்டுமானால், மக்கள் எந்தச் சொற்களைத் தட்டித் தேடுவார்கள் என்று கணித்து அவற்றைத் தலைப்பிலும் பத்திகளிலும் பதிய வேண்டும். இவையே இலக்குத் தேடுசொற்கள் எனப்படுகின்றன. ஒரு சொல்லை மாதந்தோறும் எத்தனை முறை தேடுகிறார்கள் என்ற கணக்கு தேடல் அளவு ஆகும். இந்தக் கணக்கின் முன் நிலவியல் எப்படிக் கைகட்டி நிற்கும் என்பதைப் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் காணலாம்.

அங்கே 2020இல் குளம் ஒன்றில் மண் அள்ளியபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட, அவை டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரியோடு தொடர்புடைய படிவங்களே என்று வல்லுநர்கள் விளக்கினர். ஒருகாலத்தில் கடல் அலையடித்த மண்ணில் இது இயல்பானதுதான். எனினும் அம்மோனைட்டைத் தேடுவோர் எத்தனை பேர்? ஆகவே, மறுப்பை எழுதுவோரும் தலைப்பில் ‘டைனோசர் முட்டை’ என்று வைத்து, இறுதியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்வது தொழில் தர்மமாயிற்று. அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைப் படிவங்கள் கிடைத்ததாக 2009இலேயே ஆய்வாளர்கள் அறிவித்திருந்தது, வதந்திக்குக் கிடைத்த உபரி வரவு.

பக்கத்திலேயே சாத்தனூரில், 1940இல் கண்டறியப்பட்ட, ஏறத்தாழ 18 மீட்டர் நீளக் கல்மரம் இன்றும் படுத்துக் கிடக்கிறது. பாவம், அதற்கு முட்டையிடத் தெரியாது.