விசில் யார் ஊதுவது?

எங்கள் நகரில் இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்துவிட்டார்கள். உடனே குடியிருப்போர் நலச்சங்கம் கூடி, இரவு ரோந்துக்கு ஆள் கேட்டது. பெயர் கொடுத்தவர்கள் நாற்பது பேர். முதல் இரவு வந்தவர்கள் நான்கு பேர். அதிலும் ஒருவர் சர்க்கரைக்காக நடக்க வந்தவர்.

ஆயுதங்கள்: ஒரு மூங்கில் கம்பு, ஒரு டார்ச், ஒரு விசில். விசிலை ஊதுவது தலைவரா, செயலாளரா என்ற வழக்கு தீரவே மணி ஒன்று. ஒருவழியாக ஊதியதும் தெருநாய்கள் அத்தனையும் பதில் சொல்லின. நாங்கள் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பது திருடனுக்குச் சந்தேகமின்றித் தெரிந்திருக்கும்.

பொதுமக்கள் காவலுக்கு இறங்குவது நமக்குப் புதிதல்ல. 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கிய, பொதுமக்களைக் காவல்துறைக்குத் துணையாகச் சேர்க்கும் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-ல் சாத்தான்குளம் தந்தை, மகன் காவல் மரணத்தில் அந்த அமைப்பினர் மீதும் புகார் எழுந்த பிறகு அரசே அதற்குத் தடை போட்டது. நண்பர் என்ற சொல்லுக்கு அதற்குள் வேறு அர்த்தம் வந்துவிட்டிருந்தது.

மூன்றாம் இரவு ஒருவனை மடக்கினோம்.

“டேய், நில்லு! யார் நீ?”

“அங்கிள், நான் பதினாறாம் நம்பர் வீடு. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றேன்.” கழுத்திலிருந்த அடையாள அட்டையை டார்ச் வெளிச்சத்தில் நீட்டினான். “நீங்க யாரு? உங்க கார்டு?”

கம்பைத்தான் காட்ட முடிந்தது.

அதற்குள் பைக்கில் வந்த ரோந்துக் காவலர் வண்டியை நிறுத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த நேரத்துல கம்போட நாலு பேர் தெருவுல என்ன சார் பண்றீங்க? வீட்டுக்குப் போங்க.”